போஸ்ட்மாஸ்டர் வேலை யாருக்கு? அமெரிக்கத் தபால்துறையும் கட்சி சிபாரிசும்

அமெரிக்க அரசியல் வரலாற்றைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடும். அரசு வேலையைக் கட்சிக்காரர்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தை 1829ல் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜாக்சன் ஆரம்பித்து வைத்தார் என்பது ஒன்று. அரசு வேலைக்குப் பரீட்சை வைத்த 1883ம் ஆண்டு பெண்டில்டன் சட்டம் அதை ஒழித்துக்கட்டியது என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. ஜாக்சனுக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்த வழக்கம் இருந்தது. 1883க்குப் பிறகும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது உயிரோடு இருந்தது. இடையில் உண்மையில் நடந்ததைத் தெரிந்துகொள்ளத் தபால்துறையைப் பார்த்தாலே போதும். இந்த விளையாட்டு அதிகம் நடந்த இடம் அதுதான்.

முதலில் ஒரு காவலாளி

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத் தேர்தலில் புதுத் தலைவர் ஜெயிக்கிறார். பழைய காவலாளியை அனுப்பிவிட்டு, தேர்தலில் தனக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவரை அந்த வேலையில் வைக்கிறார். புதியவர் வேலையை ஒழுங்காகச் செய்யலாம், செய்யாமலும் போகலாம். ஆனால் அடுத்த தேர்தலிலும் அவர் வீடு வீடாக ஏறியாக வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதியைத் தலைவரின் தேர்தல் செலவுக்கு எடுத்து வைக்கவும் வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது சம்பளம் யார் பணம் என்பதை. அது குடியிருப்போர் கட்டும் பராமரிப்புத் தொகை. ஆக, தலைவரின் தேர்தல் வேலை எல்லார் பணத்திலும் நடக்கிறது. பொதுப்பணத்தில் சம்பளம் வரும் வேலையைக் கட்சி உழைப்புக்குக் கூலியாகக் கொடுப்பதை இந்தக் கட்டுரையில் 'சிபாரிசு முறை' என்று சொல்வோம். அமெரிக்காவில் கட்சிகளுக்கு நிரந்தர நிதியோ சம்பளம் வாங்கும் ஊழியர்களோ இல்லாத காலத்தில் அந்தக் குறையை நிரப்பியது இந்த முறைதான். வெறும் ஊழல் என்று இதை ஒதுக்கிவிட்டால், சீர்திருத்தம் ஏன் அத்தனை மெதுவாக நகர்ந்தது என்பது கடைசிவரை புரியாது.

ஏன் தபால்துறை?

காரணம் எண்ணிக்கை. 1790ல் நாடு முழுக்க 75 தபால் நிலையங்கள் இருந்தன. 1831ல் போஸ்ட்மாஸ்டர்கள் மட்டும் 8,700க்கு மேல். அன்றைய மத்திய அரசின் சிவில் ஊழியர்களில் நான்கில் மூன்று பங்கினர் அவர்கள்தான். ராணுவத்தில்கூட அத்தனை பேர் இல்லை. ஒரு கிராமத்துக்காரர் தன் வாழ்நாளில் நேரில் பார்க்கும் மத்திய அரசு ஆள் பெரும்பாலும் போஸ்ட்மாஸ்டர் ஒருவர்தான்.

இன்னொரு காரணம் பத்திரிகைகள். 1792ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு கடிதம் அனுப்ப, தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட் வரை ஆனது. பத்திரிகைக்கோ 100 மைல் வரை ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். அதனால் தபால் பையில் எடை முழுக்கப் பத்திரிகைகள். அந்தப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சியின் குரல். எந்தக் கட்டு இன்றைக்கே கைக்குப் போகும், எது மூலையில் கிடக்கும் என்பது போஸ்ட்மாஸ்டரின் மேஜையில் முடிவாகும். கடை நடத்துபவர் அல்லது விடுதிக்காரர்தான் அந்த வேலையிலும் இருப்பார் என்பதால், ஊர்க்காரர்கள் அரசியல் பேசக் கூடும் இடமும் அதே மேஜைதான்.

ஜாக்சனுக்கு முன்பு

1730களில் பிலடெல்பியாவின் போஸ்ட்மாஸ்டராக இருந்த ஆண்ட்ரூ பிராட்போர்டு சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். போட்டிப் பத்திரிகை நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளினின் இதழைக் குதிரைத் தபால்காரர்கள் எடுத்துச் செல்லக் கூடாது என்று தடை போட்டார். பிராங்க்ளின் அவர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்துத்தான் தன் இதழை அனுப்பினார். 1737ல் அந்தப் பதவி பிராங்க்ளினுக்கே வந்தது. பின்னர் 1753ல் காலனிகளின் தபால் பொறுப்பு முழுவதையும் இன்னொருவருடன் சேர்ந்து ஏற்றபோது, மகன் வில்லியமை பிலடெல்பியாவிலும் அண்ணன் ஜானை பாஸ்டனிலும் போஸ்ட்மாஸ்டராக்கினார். 1775ல் புதிய நாட்டின் முதல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆனார். போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் என்பவர் துறை முழுமைக்கும் தலைவர். 1776ல் அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவருடைய மருமகன் ரிச்சர்டு பேச்.

நல்ல வேலைக்காரரைத் தூக்கிவிட்டுத் தங்கள் ஆளைப் போடும் வழக்கமும் பழையதுதான். மேரி கேதரின் காடர்டு 1775 முதல் பால்டிமோரின் போஸ்ட்மாஸ்டர். சுதந்திரப் பிரகடனத்தைக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு முதன்முதலில் அச்சிட்டவரும் அவரே. 1789ல் அவரை நீக்கினார்கள். அந்தப் பொறுப்பில் இனி நிறையப் பயணம் செய்ய வேண்டியிருக்கும், ஒரு பெண்ணால் அது முடியாது என்று காரணம் சொன்னார்கள். ஊரில் 200க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மனு கொடுத்தும் பலனில்லை. அவரே ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதினார். வாஷிங்டன் தலையிட மறுத்துவிட்டார்.

அப்போதெல்லாம் போஸ்ட்மாஸ்டர்களை நியமிக்கும் அதிகாரம் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலிடம்தான் இருந்தது, ஜனாதிபதியிடம் இல்லை. 1814ல் இது சண்டையாக வெடித்தது. ஜனாதிபதி மேடிசனின் எதிர்ப்பாளரான மைக்கேல் லீப் என்ற செனட்டரை, மேடிசனின் விருப்பத்தை மீறி, போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் கிடியன் கிரேஞ்சர் பிலடெல்பியா போஸ்ட்மாஸ்டராக நியமித்தார். கிரேஞ்சரின் பதவி போனது.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: ஆரம்பத்தில் வேலை உறவினர்களுக்கும் கூட்டாளிகளுக்கும் போனது. ஆனால் ஒருமுறை உட்கார்ந்தவர் பெரும்பாலும் பல ஆண்டுகள் அசையாமல் இருந்தார். ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார் என்ற வழக்கம் இன்னும் வரவில்லை.

1829ல் உண்மையில் மாறியது

ஜாக்சன் பதவியேற்றபோது தபால்துறைத் தலைவராக இருந்தவர் ஜான் மெக்லீன். திறமைசாலி, துறையை நன்றாக நடத்தியவர். கட்சிக்காகப் போஸ்ட்மாஸ்டர்களை நீக்க அவர் இசையவில்லை. அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக அனுப்பிவிட்டு வில்லியம் பேரியைக் கொண்டுவந்தார் ஜாக்சன். கூடவே போஸ்ட்மாஸ்டர் ஜெனரலை முதன்முறையாக அமைச்சரவையில் சேர்த்தார். முதல் ஆண்டில் 400க்கும் மேற்பட்ட போஸ்ட்மாஸ்டர்கள் நீக்கப்பட்டார்கள். மொத்தம் இருந்த சுமார் 8,000 பேரில் இது இருபதில் ஒரு பங்கு. எல்லாரையும் ஒரே நாளில் துடைத்தெறிந்தார் என்பது மிகை.

புதிதாக வந்தது எண்ணிக்கையைவிட, அதற்குச் சொன்ன நியாயம். அரசு வேலை யாருக்கும் சொத்தல்ல, சாதாரண அறிவுள்ள எவரும் கற்றுச் செய்யக்கூடிய எளிய வேலை, ஆகவே மாற்றி மாற்றிக் கொடுக்கலாம் என்றார் ஜாக்சன். இதற்குப் பெயர் 'பதவிச் சுழற்சி'. அப்பா உட்கார்ந்த நாற்காலியில் மகன் உட்கார்ந்துவந்த காலத்தில் இந்த வாதத்துக்கு நிஜமான வலு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1832ல் நியூயார்க் செனட்டர் வில்லியம் மார்சி இதை வேறு பாஷையில் சொன்னார்: எதிரியிடம் எடுத்த கொள்ளை வென்றவனுக்கே. அதிலிருந்துதான் 'கொள்ளைப் பங்கு முறை' என்ற பெயர் வந்தது. ஆட்சி மாறும்போது வேலைகளையும் மாற்றிப் பங்கு போடும் வழக்கம் என்று இதற்குப் பொருள்.

ஒரு போஸ்ட்மாஸ்டருக்கு என்ன கிடைத்தது?

சின்ன ஊர் போஸ்ட்மாஸ்டருக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். 1825ம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கு இது: மூன்று மாதத்தில் வசூலாகும் கடிதக் கட்டணத்தில் முதல் 100 டாலருக்கு 30 சதவீதம், அடுத்த 300 டாலருக்கு 25 சதவீதம், அதற்கு மேல் போகப் போக விகிதம் இறங்கும். பத்திரிகைக் கட்டணத்தில் பாதி அவருக்கு. ஒரு காலாண்டில் 150 டாலர் கடிதக் கட்டணம் வந்தால் அவர் கையில் நிற்பது 30ம் பன்னிரண்டரையும் சேர்த்து நாற்பத்திரண்டரை டாலர்.

பல ஊர்களில் அந்த அளவுகூட வராது. இலினாய் மாநிலத்தின் நியூ சேலம் கிராமத்தில் 1833 முதல் 1836 வரை போஸ்ட்மாஸ்டராக இருந்த ஓர் இளைஞருக்கு ஓராண்டில் கிடைத்தது 55 டாலர் 70 சென்ட். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன். ஜாக்சனின் எதிர் அணியைச் சேர்ந்த அவருக்கு ஜாக்சன் ஆட்சியில் எப்படி வேலை கிடைத்தது? கட்சி பார்த்துத் தடுக்கும் அளவுக்கு அது பெரிய பதவி இல்லை என்று பின்னாளில் அவரே விளக்கினார்.

பணம் குறைவென்றாலும் உபரி லாபங்கள் உண்டு. போஸ்ட்மாஸ்டர் சொந்தக் கடிதங்களை இலவசமாக அனுப்பலாம், பெறலாம். தபால் வாங்க வருகிறவர் கடையில் உப்பும் ஆணியும் வாங்கிக்கொண்டு போவார். யாரும் வாங்காத கடிதங்களின் பெயர்ப் பட்டியலைப் பத்திரிகையில் காசு கொடுத்து வெளியிட வேண்டும். எந்தப் பத்திரிகை என்று நெடுங்காலம் போஸ்ட்மாஸ்டரே தீர்மானித்தார். அதாவது, கட்சிப் பத்திரிகைக்கு அரசு விளம்பரம்.

சிபாரிசு நடந்த வழி

19ம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் இது படிப்படியான நடைமுறையாகவே இறுகிவிட்டது. சின்ன நிலையங்களை 'நான்காம் வகுப்பு' என்பார்கள். அங்கே நியமிப்பவர் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல். பெரிய நிலையங்களுக்கு 1836 முதல் ஜனாதிபதி பெயர் சொல்ல, செனட் ஒப்புதல் தர வேண்டும்.

காகிதத்தில் அப்படி. நடப்பில், நான்காம் வகுப்பு வேலை காலியானால் அந்தத் தொகுதியின் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர் ஜனாதிபதியின் கட்சிக்காரரா என்று முதலில் பார்ப்பார்கள். ஆம் என்றால் அவர் சொல்லும் பெயரே இறுதி. வேறு கட்சி என்றால், அந்த மாநிலத்தின் செனட்டரோ, தோற்றுப்போன தங்கள் வேட்பாளரோ, உள்ளூர்க் கட்சித் தலைவரோ சொல்வார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்திடுவார், உறுதிமொழி எடுப்பார், தபால் பையும் சாவியும் கைமாறும். நிலையமே புதியவரின் கடைக்கு இடம் பெயரும். தேர்தல் நேரத்தில் கட்சியிலிருந்து கடிதம் வரும்: சம்பளத்தில் இத்தனை சதவீதம் அனுப்பவும். இந்தக் கட்டாய வசூலுக்கு 'கட்சி வரி' என்று பெயர் வைத்துக்கொள்வோம். கட்டாதவரின் பெயர் நினைவில் வைக்கப்படும்.

1885ல் ஜனநாயகக் கட்சி பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தபோது, முதல் உதவிப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் அட்லாய் ஸ்டீவன்சன் தன் பதவிக்காலத்தில் ஏறக்குறைய 40,000 பேரை மாற்றினார். நாட்டில் அப்போது மொத்தம் இருந்ததே 50,000 நிலையங்களுக்குச் சற்று மேல். 1889ல் குடியரசுக் கட்சி திரும்பி வந்ததும் ஜேம்ஸ் கிளார்க்சன் முதல் ஆண்டிலேயே சுமார் 30,000 பேரை மாற்றினார். ஜாக்சனின் 400ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதனால் சேவைக்கு என்ன கேடு? ஓடும் ரயிலில் நின்றபடி கடிதம் பிரித்த ரயில்வே தபால் குமாஸ்தாக்களிடம் அது பளிச்சென்று தெரிந்தது. ஆயிரக்கணக்கான ஊர்ப் பெயர்கள், எந்த ஊர்க் கட்டு எந்தச் சந்திப்பில் எந்த ரயிலுக்கு மாற வேண்டும், எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். அதைக் கற்க வருடக்கணக்கில் ஆகும். 1889ல் அனுபவசாலிகளைக் கூட்டமாக வெளியேற்றியதும் தவறான பையில் விழுந்த கடிதங்கள் அதிகமாயின. எளிய வேலை, எவரும் செய்யலாம் என்ற ஜாக்சனின் வாதம் அந்த ரயில் பெட்டியில் எடுபடவில்லை.

சுருக்கமாக: வேலை கொடுப்பது மேலே இருப்பவரின் அதிகாரம் போலத் தெரிந்தாலும், பெயர் கிளம்பியது உள்ளூரிலிருந்து. அதனால்தான் எந்தக் காங்கிரஸ் உறுப்பினருக்கும் இதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

நியமனம் மட்டுமல்ல, ஒப்பந்தமும்

தபாலைச் சுமந்தவர்கள் பெரும்பாலும் தனியார் ஒப்பந்ததாரர்கள். பேரியின் காலத்தில் ஏலத்தில் குறைந்த தொகை கேட்டு எடுத்தவர்களுக்குப் பிறகு 'கூடுதல் படி' என்று தாராளமாகக் கொடுத்தார்கள். துறை கடனில் விழுந்தது. காங்கிரஸின் அனுமதி இல்லாமல் வங்கிகளில் கடன் வாங்கியது 1834ல் விசாரணையில் வெளிவந்தது. 1835ல் பேரி விலகினார்.

அடுத்து வந்த ஏமோஸ் கெண்டல் ஜாக்சனின் நெருங்கிய கூட்டாளி, கட்சிப் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். ஆனால் கணக்கில் கறார். பேரி ஒரு கோச்சு வண்டி நிறுவனத்துக்கு அனுமதித்த படியைத் தர மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1838ல் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 1836ம் ஆண்டுச் சட்டம் தபால் வருவாயை அரசுக் கருவூலத்தில் கட்டச் சொன்னது, செலவுக்குக் காங்கிரஸின் ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது, தனித் தணிக்கையாளரை வைத்தது. தபால்துறையின் முதல் பெரிய சீர்திருத்தம் இதுதான். பரீட்சை வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே பணத்துக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பூட்டில் ஓட்டையும் இருந்தது. 1845ம் ஆண்டுச் சட்டம், வேகம், நிச்சயம், பாதுகாப்பு மூன்றும் உறுதியானால் போதும், வண்டி எதுவானாலும் குறைந்த தொகைக்கு ஒப்பந்தம் கொடு என்றது. குமாஸ்தாக்கள் அந்த மூன்று சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதச் சலித்து, பதிவேட்டில் மூன்று நட்சத்திரக் குறி போட்டார்கள். 'ஸ்டார் ரூட்' என்ற பெயர் அப்படி வந்தது. மோசடி நடந்த விதத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். வாரம் ஒரு முறை போகும் மேற்குப் பகுதி வழித்தடத்தை 1,000 டாலருக்குக் கேட்டு எடுக்கிறார் ஒருவர். பிறகு உள்ளூர் மக்கள் கேட்பதாக மனு வருகிறது: வாரம் மூன்று முறை வேண்டும். தொகை 3,000 ஆகிறது. அடுத்த மனு: இன்னும் வேகம் வேண்டும். அதற்கு மும்மடங்கு குதிரையும் ஆளும் தேவை என்று ஒப்பந்ததாரர் சத்தியப் பத்திரம் கொடுக்கிறார். 9,000. புதிய ஏலம் எங்கும் இல்லை. போட்டியில் குறைத்துக் கேட்டவர் மூடிய அறைக்குள் தொகையை ஏற்றிக்கொண்டார்.

1881ல் இது அம்பலமானது. இரண்டாம் உதவிப் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் தாமஸ் பிரேடியும் முன்னாள் செனட்டர் ஸ்டீபன் டார்சியும் குற்றம் சாட்டப்பட்டார்கள். இரண்டு விசாரணைக்குப் பின் 1883ல் விடுதலையானார்கள்.

1883: பரீட்சை வருகிறது

1881 ஜூலை 2ம் தேதி, பதவி கேட்டுக் கிடைக்காத சார்லஸ் கிட்டோ வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஜனாதிபதி கார்பீல்டைச் சுட்டான். செப்டம்பரில் கார்பீல்டு இறந்தார். மக்கள் கொதித்தார்கள். ஆனால் பெண்டில்டன் சட்டம் உடனே வரவில்லை. ஆட்சிக்காலத்தின் நடுவில், 1882ல் நடந்த காங்கிரஸ் தேர்தலில் குடியரசுக் கட்சி தோற்றது. அடுத்து ஆட்சியே போனால் தங்கள் ஆட்களின் வேலையும் போகும் என்ற பயம் வந்த பிறகுதான் வாக்குகள் சேர்ந்தன. 1883 ஜனவரி 16ல், கார்பீல்டுக்குப் பின் ஜனாதிபதியான செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்டார். அவரே நியூயார்க் கட்சி இயந்திரத்தில் வளர்ந்தவர்.

சட்டத்தின் முன்மாதிரி பிரிட்டன். போட்டித் தேர்வு அங்கே பெரிய அளவில் முதலில் நடந்தது 1855ல், இந்தியாவுக்கு அனுப்பும் சிவில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க. பிரிட்டிஷ் முறையை ஆராய்ந்து அறிக்கை தந்த டார்மன் ஈட்டன்தான் பெண்டில்டன் சட்டத்தை வரைந்தவர்.

சட்டம் செய்தது இவ்வளவுதான்: மூன்று பேர் கொண்ட ஆணையம், அதில் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் கூடாது. போட்டித் தேர்வில் மேலே வந்தவர்களிலிருந்து நியமனம். அரசு அலுவலகத்தில் கட்சி வரி வசூலிக்கத் தடை. தேர்வு கட்டாயமான வேலைகளின் தொகுப்பைப் 'பட்டியல் பணி' என்போம். தபாலில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த பெரிய நிலையங்களின் குமாஸ்தாக்களும் தபால்காரர்களும் மட்டுமே அதில் வந்தார்கள். எல்லாத் துறைகளையும் சேர்த்தால் பட்டியலில் வந்தது மத்திய அரசு ஊழியர்களில் பத்தில் ஒரு பங்கு. கிராமத்துப் போஸ்ட்மாஸ்டரை அது தொடவே இல்லை. மேலே சொன்ன 40,000மும் 30,000மும் இந்தச் சட்டம் வந்த பிறகு நடந்தவை.

பட்டியல் வளர்ந்த விதம்

சட்டத்தின் உண்மையான விசை ஒரு சின்ன அதிகாரத்தில் இருந்தது: பட்டியலை ஜனாதிபதி தன் ஆணையால் நீட்டலாம். பதவி விட்டுப் போகிற ஜனாதிபதி தான் நியமித்தவர்களைப் பட்டியலுக்குள் இழுத்துவிட்டால் அடுத்தவரால் எளிதில் நீக்க முடியாது. தேர்வு எழுதாமலேயே அவர்கள் பாதுகாப்புக்குள் வந்துவிடுவார்கள். கட்சி நலன்தான் நோக்கம். ஆனால் ஒவ்வொரு முறையும் பங்கு போட மிச்சம் இருந்த வேலைகள் குறைந்தன. ஜனாதிபதி கிளீவ்லாண்டு 1888ன் இறுதியில் ரயில்வே தபால் பணியைச் சேர்க்க ஆணையிட்டார். 1889 மேயில்தான் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு சொன்ன கூட்ட நீக்கம் அந்த இடைவெளியில் நடந்ததுதான். 1908ல் தியோடர் ரூசவெல்ட் வடகிழக்கு மாநிலங்களின் நான்காம் வகுப்புப் போஸ்ட்மாஸ்டர்கள் சுமார் 15,000 பேரையும், 1912 அக்டோபரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, டாஃப்ட் மீதி சுமார் 36,000 பேரையும் சேர்த்தார்கள். தேர்வு இல்லாமல் உள்ளே வந்தவர்களை 1913ல் வில்சன் தேர்வு எழுத வைத்தார்.

தேர்வு வந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்பதும் தவறு. 1914 முதல் விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்டார்கள். முதல் மூன்று இடங்களில் வந்தவர்களில் யாரையும் எடுக்கலாம் என்பதால், கறுப்பின மக்களை ஒதுக்க அந்தப் படம் உதவியது. மறுபக்கம், உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் கறுப்பினப் போஸ்ட்மாஸ்டர்கள் வந்ததே சிபாரிசு முறையால்தான். மிசிசிப்பியின் இண்டியனோலாவில் மின்னி காக்ஸ் அப்படி வந்தவர். வெள்ளையர்கள் மிரட்டி அவரை விலக வைத்தபோது, 1903ல் ரூசவெல்ட் விலகலை ஏற்காமல் நிலையத்தையே மூடி, அவருக்குச் சம்பளத்தைத் தொடர்ந்து கொடுத்தார்.

பெரிய ஊர்ப் போஸ்ட்மாஸ்டர்களுக்கு 1938ல்தான் காலவரம்பு போய் நிரந்தரப் பணி வந்தது. அப்போதும் பெயர் செனட்டுக்குப் போனது, கட்சி ஆலோசனையும் தொடர்ந்தது. அன்றைய போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஜேம்ஸ் ஃபார்லி, அதே நேரத்தில் ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவர். 1969ல் நிக்சன் ஆட்சி அந்த ஆலோசனையை நிறுத்தியது. 1970ம் ஆண்டுச் சட்டம் செனட் ஒப்புதலையும் எடுத்துவிட்டது. 1971 ஜூலை 1 முதல் தபால்துறை அமைச்சரவைக்கு வெளியே தனி அமைப்பானது. வேலைக்காக அரசியல்வாதி எழுதும் சிபாரிசுக் கடிதம் வந்தால் அதைக் கோப்பில் வைக்கக் கூடாது, சட்டத்துக்கு முரணானது என்று மேலே குறித்து, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள்.